வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை என்கிறார்கள், வாங்கலாமா வேண்டாமா? அமெரிக்காவில் வீடு வைத்திருக்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் எங்கள் வீடு. 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயலின் மழை நாள் கணக்கில் கொட்டியபோது தரைத்தளத்தில் 14 அங்குலம் தண்ணீர் ஏறியது. எங்களிடம் வெள்ளக் காப்பீடு கிடையாது. வீடு வாங்கும்போது கேட்கத்தான் செய்தோம். "உங்களுக்கு எக்ஸ் மண்டலம் (அரசு வரைபடத்தில் அதிக ஆபத்துப் பகுதிக்கு வெளியே), கட்டாயம் இல்லை, தேவைப்படாது" என்றார் ஏஜெண்ட். சரி என்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு வீடு வாங்கப்போகும் நண்பர்கள் பலர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் காப்பீடு விற்பவன் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

வீட்டுக் காப்பீடுதான் இருக்கிறதே, அதில் வெள்ளம் சேராதா?

சேராது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் வெள்ளம் விலக்கப்பட்ட விஷயம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மாடியில் குழாய் வெடித்துக் கூடம் நனைந்தால் வீட்டுக் காப்பீடு. காற்றில் கூரை பிய்ந்து அதன் வழியாக மழை இறங்கினாலும் வீட்டுக் காப்பீடு. தரையில் பெருகிய தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்தால் அது வெள்ளம். அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம், அதாவது மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா நடத்தும் என்எஃப்ஐபி, வெள்ளத்துக்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. வழக்கமாகக் காய்ந்திருக்கும் நிலத்தில் 2 ஏக்கரோ அதற்கு மேலோ மூழ்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் மனையோடு சேர்த்து குறைந்தது இரண்டு மனைகளாவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கொல்லைப்புறத்தில் மட்டும் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கிக் கதவு வழியாக வந்தால், இரண்டு பாலிசியும் கையை விரிக்க வாய்ப்பு உண்டு. அந்த வாட்டத்தை முதலில் சரிசெய்துவிடுங்கள்.

பேங்க் கேட்கவில்லையே. ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பேங்க் எதற்குக் கேட்கிறது என்பதைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

என்எஃப்ஐபி 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 1973இல் இன்னொரு சட்டம் வந்தது. ஃபீமா வரைபடத்தில் அதிக ஆபத்துப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு இருந்து, மத்திய அரசின் கண்காணிப்போ ஆதரவோ உள்ள கடன் அதன்மேல் இருந்தால், வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்றது அந்தச் சட்டம். வரைபடத்தில் ஏ, ஏஇ, வி, விஇ என்று தொடங்கும் மண்டலங்கள் அவை. அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் பெரும்பாலும் எக்ஸ். கோட்டுக்கு வெளியே பத்தடியில் வீடு இருந்தாலும் எக்ஸ்தான். கடன் கொடுப்பவர் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கும் கேள்வி இது. உங்கள் சேமிப்பை யாரும் அதில் கணக்கில் எடுக்கவில்லை.

ஹார்வியில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஏறத்தாழ 1,54,000 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது அந்தக் கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை போட்ட கணக்கு. அவற்றில் 70,000 வீடுகள்போல, அதிக ஆபத்துக் கோட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு அடுத்த நடுத்தர ஆபத்துக் கோட்டுக்கும் வெளியே இருந்தவை. நாடு முழுக்கப் பார்த்தாலும், என்எஃப்ஐபிக்கு வரும் க்ளெய்ம்களில் ஒரு பெரும் பங்கு அதிக ஆபத்துப் பகுதிக்கு வெளியேயிருந்து வருகிறது என்று ஃபீமாவே சொல்கிறது.

வரைபடம் ஏன் தவறவிடுகிறது? முதலில், அது ஆறு பொங்குவதையும் கடல் ஏறுவதையும் வைத்துப் போடப்பட்டது. ஒரு மணி நேரத்தில் மூன்று அங்குலம் மழை கொட்டி, சாக்கடை வாங்காமல் தெருவே ஓடையாவதை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. 2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் மிச்சம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம் பெய்தது. அன்றிரவு நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் மூழ்கிய பேஸ்மெண்டுகளில் பல ஆற்றங்கரையில் இல்லை. அடுத்து, வரைபடங்களுக்கு வயதாகிவிடுகிறது. நேற்று புல்வெளியாக இருந்த இடத்தில் இன்று நானூறு வீடும் ஒரு பள்ளிக்கூடமும் கான்கிரீட் வாகன நிறுத்தமும் வந்திருக்கும். தண்ணீர் எங்கே போகும்?

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள். ஹூஸ்டன் நகர மையத்தைக் காப்பாற்ற 1940களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. மழை மிஞ்சினால் அவற்றின் பின்னால் தண்ணீர் தேங்கி, அரசு நிலத்தைத் தாண்டிக் குடியிருப்புகள் வரை ஏறும். இது வீடு வாங்கிய எங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது.

மலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் புரட்டிப்போட்ட வட கரோலினாவின் ஆஷ்வில், கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேலே இருக்கிறது.

"நூறு வருட வெள்ளம்" என்கிறார்களே, நம் காலத்தில் வராதுதானே?

அந்தப் பெயரே தப்பான எண்ணத்தைக் கொடுக்கிறது. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்துவிட்டதால் இந்த வருடம் வாய்ப்பு குறைந்துவிடாது. ஹூஸ்டன் 2015, 2016, 2017 என்று அடுத்தடுத்து மூன்று வருடமும் பெருவெள்ளம் பார்த்தது.

30 வருட மார்ட்கேஜ் (வீட்டுக்கடன்) காலத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த 1 சதவீதம் 26 சதவீதமாகிறது. நாலில் ஒன்று. நடுத்தர ஆபத்துக் கோட்டின் விளிம்பில், வருடத்துக்கு 0.2 சதவீதம் என்றால், 30 வருடத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஆறு சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் உங்கள் தெருவில் பதினேழு வீடு இருந்தால் அதில் ஒருவருக்கு என்று வைத்துப் பாருங்கள். அதுவும் வெள்ளம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, வந்தால் மொத்தத் தெருவுக்கும் வரும்.

என் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து என்று எப்படிப் பார்ப்பது?

ஃபீமாவின் வெள்ள வரைபட மையத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் மண்டலம் தெரியும், இலவசம்தான். அதில் எக்ஸ் என்று வந்ததும் மூடிவிடாதீர்கள். நிழலிட்ட எக்ஸா, நிழலிடாத எக்ஸா என்று பாருங்கள். நிழலிட்டது நடுத்தர ஆபத்து. டி என்று இருந்தால் ஆய்வே செய்யவில்லை என்று பொருள். ஏஇ கோடு உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து பாருங்கள்.

அடுத்து ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் என்ற அமைப்பின் வெள்ள மதிப்பெண். ரியல்டர்.காம் போன்ற தளங்களில் வீட்டு விவரத்தோடு வருகிறது, 1 முதல் 10 வரை இருக்கும். பெருமழையையும் சேர்த்துக் கணக்கிடுவதால் ஃபீமா வரைபடம் விடும் இடங்கள் சில இதில் பிடிபடும். ஒரு தனி வீட்டுக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபீமா ஒன்று சொல்லி இது வேறொன்று சொன்னால், ஏன் என்று விசாரிக்க அது ஒரு காரணம்.

விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். டெக்சாஸ், நியூஜெர்சி, நியூயார்க், ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்களில், வீட்டின் வெள்ள வரலாற்றை வாங்குபவரிடம் வெளிப்படுத்த வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது.

ஆனால் நான் அதிகம் நம்புவது கால்நடையாகப் போய்ப் பார்ப்பதை. நல்ல மழை பெய்யும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போங்கள். சாலையோரத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். வீட்டின் தளம் தெருவைவிட எத்தனை அங்குலம் உயரம்? பின்னால் உள்ள குளம் அழகுக்கா, மழைநீரைப் பிடித்து வைக்கவா? வேலிப் பலகைகளில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? அப்புறம் அந்தத் தெருவில் இருபது வருடமாக இருக்கும் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். எங்கள் தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் ஒரு முதியவர், ஹார்விக்குப் பிறகு முக்குத் திருப்பத்தைக் காட்டி, "எப்போதுமே அங்கேதான் முதலில் நிற்கும்" என்றார். வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிரீமியம் எவ்வளவு வரும்?

வீட்டுக்கு வீடு மாறும். முன்பு எக்ஸ் மண்டலத்து வீடுகளுக்கு ஒரு மலிவான தனி விலைப்பட்டியல் இருந்தது. 2021 அக்டோபரில் புதிய பாலிசிகளுக்கும் 2022 ஏப்ரலில் பழைய பாலிசிகளுக்கும் ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்ற முறை வந்தபின் அது போய்விட்டது. இப்போது விலை போடும்போது மண்டலத்தின் எழுத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீரிலிருந்து தூரம், தரையின் உயரம், முதல் தளத்தின் உயரம், வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவு, இவற்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. விலை விசாரிப்பதே ஓர் ஆபத்துப் பரிசோதனை. எக்ஸ் மண்டலம் என்று நம்பிய வீட்டுக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக விலை வந்தால், அந்த எண் உங்களிடம் ஏதோ சொல்கிறது. மலிவாக வந்தால், வாங்கிப்போட யோசிக்கவே வேண்டாம்.

என்எஃப்ஐபி பாலிசியை எந்தக் கம்பெனி வழியாக வாங்கினாலும் விலை ஒன்றுதான், பேரம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் வீடென்றால் பெரும்பாலும் வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்ட வரம்பு உண்டு. வெள்ளத் தடுப்பில் கூடுதலாக வேலை செய்யும் ஊர்களுக்கான சமூக மதிப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் ஊர் சேர்ந்திருந்தால் 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடி வரும். டிடக்டிபிளை, அதாவது சேதத்தில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகையை, 10,000 டாலர் வரை ஏற்றிப் பிரீமியத்தைக் குறைக்கலாம். கையில் அந்தப் பணம் இருந்தால் இது நல்ல வழி. ஒன்றை மறக்காதீர்கள்: கட்டடத்துக்கு ஒரு டிடக்டிபிள், பொருட்களுக்குத் தனியாக ஒன்று.

எதற்கெல்லாம் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருட்களுக்கு அதிகபட்சம் 1,00,000 டாலர். இரண்டும் தனித்தனி. பொருட்களுக்கு நீங்களாகக் கேட்டு வாங்காவிட்டால் அது இருக்காது.

பேர்லேண்ட் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. அவர்களுக்கு ஏஇ மண்டலம், பேங்க் கட்டாயத்துக்காகப் பாலிசி எடுத்திருந்தார்கள். பேங்குக்குக் கட்டடம்தானே வேண்டும்? கட்டடத்துக்கு மட்டும் எடுத்திருந்தார்கள். சுவரும் தரையும் திரும்பி வந்தன. கட்டில், மெத்தை, சோபா, பிள்ளைகளின் புத்தகங்கள், பெட்டியோடு நனைந்த பட்டுப்புடவைகள், எதற்கும் ஒரு காசு வரவில்லை.

பொருட்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். எட்டு வருட சோபாவுக்குப் புதுச் சோபா விலை வராது. கட்டடத்துக்கு மட்டும், நீங்கள் குடியிருக்கும் முதன்மை வீடாக இருந்து, மறுகட்டுமானச் செலவில் 80 சதவீதத்துக்காவது அல்லது திட்டத்தின் உச்சவரம்பு வரையிலாவது காப்பீடு எடுத்திருந்தால், தேய்மானம் கழிக்காத முழுச் செலவு.

நகைக்கு வருவோம். நம் வீடுகளில் இது முக்கியம். நகை, ஓவியம், அரிய சேகரிப்புப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 2,500 டாலர்தான். ரொக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. தாலிக்கொடியும் வளையலும் கீழ்த்தள அலமாரியில் இருந்தால் பேங்க் லாக்கருக்கோ மாடிக்கோ போகட்டும்.

வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் வாடகை என்எஃப்ஐபியில் கிடையாது. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். நாங்கள் ஐந்து மாதம் அபார்ட்மெண்டில் இருந்தோம், மார்ட்கேஜும் கட்டிக்கொண்டு வாடகையும் கட்டிக்கொண்டு. பாலிசி இருந்திருந்தாலும் அந்த வாடகை கைக்காசுதான். காருக்கு இது பொருந்தாது, கார்க் காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் அதில் கேட்க வேண்டும். நீச்சல் குளம், வேலி, தோட்டம் எதுவும் சேராது.

எங்களுக்குப் பேஸ்மெண்ட் இருக்கிறது. அதுவும் சேருமா?

பாதி. நான்கு பக்கமும் தரைமட்டத்துக்குக் கீழே தளம் உள்ள இடத்தைத்தான் பேஸ்மெண்ட் என்கிறது பாலிசி. அங்கே ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், மின் பலகை, சம்ப் பம்ப் (பேஸ்மெண்டில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப்) இவற்றுக்குப் பணம் உண்டு. பொருள் காப்பீடு எடுத்திருந்தால் வாஷர், டிரையர், ஃப்ரீசருக்கும் உண்டு. ஆனால் ஆசையாகச் செலவழித்துப் போட்ட கார்பெட், பெயிண்ட் அடித்த சுவர், ஹோம் தியேட்டர், அப்பா அம்மா வந்தால் தங்கப் போட்ட கட்டில், இவை சேராது.

நியூஜெர்சி நண்பர்களுக்கு நான் சொல்வது இரண்டு. சாக்கடை பின்வாங்கியோ சம்ப் பம்ப் நின்றுபோயோ தண்ணீர் வந்தால், அக்கம்பக்கத்தில் வெள்ளம் இல்லாத பட்சத்தில் வெள்ளக் காப்பீடு உதவாது. வீட்டுக் காப்பீட்டோடு வாட்டர் பேக்கப் என்ற கூடுதல் சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள். பேஸ்மெண்டை அலங்கரித்து முடித்திருந்தால் தனியார் பாலிசியிலும் விசாரியுங்கள். சிலவற்றில் பேஸ்மெண்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது.

பேரிடர் வந்தால் அரசாங்கம் கொடுக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஃபீமா நேரடி உதவி கிடைக்க வேண்டுமென்றால் முதலில் ஜனாதிபதி பேரிடராக அறிவிக்க வேண்டும். ஒரு மழையில் ஒரு குடியிருப்பு மட்டும் மூழ்கினால் அது பெரும்பாலும் நடக்காது. அறிவித்தாலும் அந்தப் பணம் வீட்டை வாழத்தக்கதாக்கும் அளவுக்குத்தான். 2024 நிதியாண்டில் வீட்டு உதவியின் உச்சவரம்பு 42,500 டாலர், பலருக்குக் கிடைப்பது அதில் ஒரு சின்னப் பங்கு. மீதிக்கு எஸ்பிஏ (மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகத் துறை) பேரிடர்க் கடன் என்பார்கள். அது கடன், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

நம்மில் பலருக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஃபீமாவின் பண உதவிக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ, அகதி போன்ற தகுதியுள்ள வேறு நிலையோ வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவருக்கு அது இல்லை. பத்து வருடம் வரி கட்டியிருந்தாலும் இல்லை. வீட்டில் அமெரிக்காவில் பிறந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளை சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். மகளுக்கு அப்போது நான்கு வயது. நிவாரண மையத்தில் மடக்கு நாற்காலியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன். வந்த பணம் டிரைவாலை (சுவரின் ஜிப்சம் பலகையை) பிய்த்துப் போட்டு ஈரத்தைக் காயவைத்த செலவுக்குச் சரியாகப் போயிற்று. மீதிக்கு 401கே ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் எடுத்தோம். ஊரில் அப்பா பெயரில் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகையை உடைத்தோம்.

வெள்ளக் காப்பீடு வாங்க விசா நிலையை யாரும் கேட்பதில்லை. உங்கள் ஊர் என்எஃப்ஐபியில் சேர்ந்திருந்தால் போதும், பெரும்பாலான ஊர்கள் சேர்ந்திருக்கின்றன. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேறு கை நீட்ட நமக்கு இடம் குறைவு.

என்எஃப்ஐபியா, தனியார் கம்பெனியா?

இரண்டிலும் விலை கேளுங்கள். தனியாரில் 2,50,000 டாலருக்கு மேலும் எடுக்கலாம், வெளியே தங்கும் செலவும் பல பாலிசிகளில் உண்டு, காத்திருப்புக் காலமும் குறைவாக இருக்கும். இன்று வீட்டு மறுகட்டுமானச் செலவு 2,50,000 டாலரை எளிதாகத் தாண்டுவதால் இது கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு தனியார் கம்பெனி அடுத்த வருடம் புதுப்பிக்க மறுக்கலாம். க்ளெய்ம் போட்டீர்கள் என்பதற்காக என்எஃப்ஐபி உங்களை வெளியேற்றாது. பழைய சலுகை விலையில் என்எஃப்ஐபி பாலிசி வைத்திருப்பவர் விட்டுப் போய்த் திரும்பி வந்தால் அந்தச் சலுகையும் போய்விடக்கூடும்.

புயல் வருகிறது என்று தெரிந்ததும் வாங்கிக்கொள்ளலாமே?

முடியாது. என்எஃப்ஐபி பாலிசி பணம் கட்டிய 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் மெக்சிகோ வளைகுடாவில் உருவாகிக் கரையேற ஒரு வாரம்கூட ஆகாது. வீடு வாங்கும் கடனோடு சேர்த்து, க்ளோசிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன்பே எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. வீடு வாங்கப்போகிறவர்கள் இந்த ஒரு வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் மாறி உங்கள் வீடு புதிதாக அதிக ஆபத்துப் பகுதிக்குள் வந்தால், முதல் 13 மாதத்துக்குள் வாங்கினால் ஒரே நாள் காத்திருப்பு.

இன்னொன்று, இந்தத் திட்டத்தை நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 1 அன்று அரசு முடங்கியபோது அது காலாவதியாகி, நவம்பர் நடுப்பகுதிவரை புதுப் பாலிசி விற்க முடியாமல் போனது. ஏற்கனவே பாலிசி வைத்திருந்தவர்களுக்குப் பாதுகாப்பு தொடர்ந்தது.

பத்து வருடமாகக் கட்டி ஒன்றும் வரவில்லையே, வீண்தானே?

என் மனைவியின் அண்ணன் கேட்டது இது. அவரிடம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஓர் அங்குலத் தண்ணீர் உள்ளே வந்தாலே 25,000 டாலர் வரை சேதமாகலாம் என்பது ஃபீமாவின் மதிப்பீடு. உங்கள் வருடப் பிரீமியத்தால் அதை வகுத்துப் பாருங்கள். எத்தனை வருடப் பிரீமியம் வருகிறது?

ஓர் அங்குலத்துக்கு ஏன் அவ்வளவு என்று நானும் யோசித்ததுண்டு. கண்ணால் பார்த்தபின் புரிந்தது. எங்கள் வீட்டில் 14 அங்குலம்தான் நின்றது. ஆனால் சுவரை 4 அடி உயரத்துக்கு வெட்டினார்கள். டிரைவால் பலகையின் அகலம் 4 அடி, ஈரம் அடியிலிருந்து உறிஞ்சி மேலே ஏறியிருந்தது, உள்ளே இன்சுலேஷன் நனைந்த பஞ்சாகத் தொங்கியது. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை எங்கும் மார்பு உயரத்துக்கு மரச் சட்டங்கள் மட்டும் தெரிந்தன. கூடத்தில் நின்றால் அடுத்த அறையின் ஜன்னல் தெரிந்தது. சமையலறைக் கீழ் அலமாரிகள் ஊதிக் கதவு திறக்கவில்லை, உடைத்துத்தான் எடுத்தோம்.

அப்படியானால் யாருமே வாங்காமல் இருக்கக் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். மேட்டில் வீடு, அக்கம்பக்கத்தில் ஓடை இல்லை, பேஸ்மெண்ட் இல்லை, விசாரித்ததில் எந்தக் காலத்திலும் தண்ணீர் நின்றதில்லை, அதோடு எண்பதாயிரம், ஒரு லட்சம் டாலர் செலவை ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாமல் சமாளிக்க முடியும் என்றால் விட்டுவிடலாம். இரண்டாவது பகுதிதான் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. "வெள்ளம் வருமா?" என்று யாராலும் சொல்ல முடியாது. "வந்தால் என் கையில் என்ன இருக்கிறது?" என்பதற்கு இன்று மாலையே உட்கார்ந்து பதில் எழுதலாம்.

வீடு வாங்கி முதல் சில வருடங்களில் இருப்பவர்கள், முன்பணத்துக்குச் சேமிப்பையெல்லாம் துடைத்துக் கொடுத்தவர்கள், அவர்கள் அந்தச் சில வருடங்களுக்காவது வாங்கட்டும். எந்த மண்டலமாக இருந்தாலும்.

வாடகை வீடு, காண்டோ என்றால்?

வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். தரைத்தளமாக இருந்தால் யோசியுங்கள், மூன்றாம் மாடி என்றால் தேவை குறைவு. காண்டோவில் (அடுக்குமாடியில் சொந்த வீடு), உரிமையாளர் சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் வெள்ளப் பாலிசி வைத்திருக்கிறதா, எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது போதாவிட்டால் உங்கள் பங்குக்கு ஒன்று எடுக்க வேண்டும்.

பாலிசி இருக்கிறது, தண்ணீரும் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

புயல் எச்சரிக்கையின்போது வாங்கிய மணல் மூட்டை, பம்ப் இவற்றின் ரசீதை வைத்திருங்கள், அதற்கு 1,000 டாலர் வரை கிடைக்கும். தண்ணீர் வடிந்ததும் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தைக் கணக்கிடும் அட்ஜஸ்டர் வரும்வரை ஈரத்தோடு காத்திருக்காதீர்கள், பூஞ்சை இரண்டு நாளில் பிடித்துவிடும். தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுங்கள்: சுவரில் தண்ணீர்க் கோடு, அளவு நாடாவை அதன் பக்கத்தில் பிடித்து ஒரு படம், ஃப்ரிட்ஜ், வாஷர் இவற்றின் வரிசை எண் தகடு. இழப்புச் சான்று எனப்படும் கையெழுத்திட்ட கணக்கை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அட்ஜஸ்டர் எழுதிய தொகை குறைவாகத் தெரிந்தால் உங்கள் கணக்கை அதில் எழுதுங்கள்.

கார்பெட், திரைச்சீலை, மரத்தளம் ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, எந்த அறை என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தெருவோரம் போட்டுவிடலாம்.